பாங் ஙா கடல் குகைப் பயணம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்பவை

தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில், புக்கெட் தீவுக்கும் கிராபிக்கும் நடுவில் இருக்கிறது பாங் ஙா விரிகுடா. (ஆங்கிலத்தில் பார்த்துப் பார்த்து ‘பாங்க்கா’, ‘பங்கா’ என்று பலவிதமாகச் சொல்கிறோம். தாய்லாந்து மொழியில் அது ‘ஙா’தான். எழுத நம்மிடம் எழுத்தே இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?) ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்த குடும்பங்கள் சேர்ந்து அங்கே போய் வருகிறோம். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வருகிறவர்கள் போனில் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

அந்த ஒரு நாளில் என்னதான் செய்வோம்?

புக்கெட்டின் வடகிழக்குக் கரையில் உள்ள படகுத்துறையிலிருந்து ஒரு பெரிய படகில் கிளம்புவோம். கனூக்கள், அதாவது காற்று நிரப்பிய சிறு துடுப்புப் படகுகள், அதிலேயே வரும். குகை உள்ள தீவை நெருங்கியதும் பெரிய படகு நின்றுவிடும். அங்கிருந்து கனூவுக்கு இரண்டு பேர் முன்னால் உட்கார, துடுப்புப் போடும் உள்ளூர்க்காரர் பின்னால் உட்கார்ந்து குகைக்குள் கூட்டிப்போவார். இப்படி இரண்டு அல்லது மூன்று குகைகள். நடுவில் படகிலேயே சாப்பாடு. பிறகு ஒரு சிறு தீவின் மணல்கரையில் குளிக்க, சும்மா உட்கார நேரம். எந்தக் குகை முதலில், மணல்கரை முன்பா பின்பா என்பதெல்லாம் அன்றன்று மாறும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

‘ஹோங்’, ‘ஹோங்’ என்கிறீர்களே, அது என்ன?

தாய்லாந்து மொழியில் ‘ஹோங்’ என்றால் அறை. கடலிலிருந்து பார்த்தால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைத் தீவு, அவ்வளவுதான். பாறையின் அடியில் ஓர் இருண்ட வாய் தெரியும். அதற்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போனால், திடீரென்று வெளிச்சம். தலைக்கு மேலே வானம், நான்கு பக்கமும் மரம் செடி தொங்கும் பாறைச் சுவர், நடுவில் அசையாத தண்ணீர், ஓரத்தில் அலையாத்தி வேர்கள். தீவின் வயிற்றுக்குள் கூரையில்லாத ஒரு முற்றம். நம் பழைய வீடுகளில் இருண்ட ரேழியைக் கடந்ததும் முற்றத்து வெளிச்சம் கண்ணில் படுமே, அதேதான்.

இந்தப் பாறை 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடிச் சுண்ணாம்பு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போகும். அந்தத் தண்ணீர் விரிசல்களில் இறங்கி, பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே குடைந்துவிடும். குடைந்த குகையின் கூரை ஒருநாள் இடிந்து விழுந்தால் முற்றம் தயார். கடந்த பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்த விரிகுடா முழுக்கத் தரை. நாம் இன்று தீவு என்று சுற்றிவருபவை, அன்று சமவெளியில் நின்ற குன்றுகள். பனி உருகிக் கடல் ஏறியபோது குன்றுகள் தீவுகளாயின, குகைகளுக்குள் கடல் வந்தது.

பனக் தீவிலும் ஹோங் தீவிலும் உள்ள அறைகள்தான் கனூவில் போகப் பேர்பெற்றவை. ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கிராபி பக்கத்தில் இன்னொரு ஹோங் தீவு இருக்கிறது. வெள்ளை மணலும் பச்சைக் குளமுமாகப் படங்களில் அடிக்கடி வருவது அது. நாம் போவது பாங் ஙாவில் உள்ளது. இணையத்தில் படம் பார்த்துவிட்டு ‘இது அது இல்லையே’ என்று அங்கே வந்து யாரும் வருந்த வேண்டாம்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

நேரத்தைக் கடல்தான் சொல்கிறது. இதை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மற்ற கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

அந்தமான் கடலில் தண்ணீர் ஒரு நாளைக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஏறத் தொடங்கி உச்சிக்கு வர ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஒவ்வொரு நாளும் இது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல் உச்சியில் இருக்கும்போது பல குகைகளின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். நன்றாக வற்றிவிட்டால் உள்ளே வெறும் சேறு, கனூ நகராது. இரண்டுக்கும் நடுவில், கனூ மிதக்கவும் வேண்டும், தலை இடிக்காமலும் இருக்க வேண்டும் என்ற அளவில் தண்ணீர் நிற்கும் நேரம்தான் நமக்குக் கதவு திறந்திருக்கும் நேரம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். சுமார் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். பத்து நிமிடம் தாமதித்தால் பத்து சென்டிமீட்டர். கனூவில் மல்லாந்து படுத்துப்போகும் இடத்தில், மூக்குக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே சில நேரம் அவ்வளவுதான்.

அந்தக் கூரையில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். தலைக்கு மேலே ஏன் சிப்பி என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். தினமும் தண்ணீர் அந்த உயரம் வரை வந்துபோகிறது.

ஒருமுறை எங்களில் ஒருவர் துறையில் காபி வாங்கப் போய், வரிசையில் நின்று, இருபது நிமிடம் கழித்து வந்தார். குகை வாயை அடைந்தபோது அங்கே ஒரு கோடு போல இருட்டு மட்டும் தெரிந்தது. கனூக்காரர் கையை உயர்த்தி இல்லை என்றார். அவரிடம் கெஞ்சவோ கூடுதல் பணம் காட்டவோ யாரும் முயலக்கூடாது. உள்ளே போய்விடலாம், ஆனால் வெளியே வரமுடியாமல் அடுத்த வற்றம் வரை அறைக்குள் உட்கார நேரும். அவர் ‘இல்லை’ என்றால் இல்லைதான்.

நம் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் பெரிய உதவி. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பெரிய வற்றம் வரும், கூரை தாழ்ந்த குகைகளுக்குக்கூட வழி கிடைக்கும், ஆனால் தண்ணீர் ஓடும் வேகம் அதிகம், உள்ளே நிற்க நேரம் குறைவு. அஷ்டமி, நவமி பக்கம் ஏற்ற இறக்கம் குறைவு, தண்ணீர் நிதானமாக நகரும், உள்ளே அமைதியாக இருக்கலாம், ஆனால் சில குகைகள் கிடைக்காது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமிதான் குழந்தைகளோடு போக எனக்கு மிகவும் பிடித்த நாள்.

ஏன் பத்துப் பேர் மட்டும்? இருபது பேரானால் செலவு குறையுமே?

குறையும். முதன்முதலாக நான் போனதே நாற்பது பேருக்கு மேல் ஏறிய படகில்தான். குகை வாயில் கனூக்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே போனதும் ஆளாளுக்குக் கூவி எதிரொலி கேட்டார்கள். பாறைச் சுவர் அத்தனை சத்தத்தையும் திருப்பி நம் மேலேயே கொட்டியது. அறையில் ஒரு பறவைகூட இல்லை. அடுத்த ஆண்டு ஒன்பது பேராகப் போனோம். துடுப்புக்காரர் கையை உதட்டில் வைத்தார், எல்லோரும் அடங்கினோம். சொட்டும் நீரின் ஓசை கேட்டது. சேற்றில் தாவித் தாவிப் போகும் மீன்களைப் பார்த்தோம். மேலே எங்கோ இருவாட்சி ஒன்று சிறகடித்துப் போன சத்தம் சுவரெங்கும் ஓடியது. ஒரே இடம்தான். அன்றைக்கு நான் முடிவு செய்தது இந்தப் பத்து.

கூட்டம் கடலைக் கெடுக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பீ பீ தீவுகளின் மாயா கடற்கரைக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை போய்க்கொண்டிருந்தார்கள். பவளப்பாறைகள் பாழானதால் 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் அந்தக் கரைக்குத் திரும்பி வந்திருந்தன. இப்போது படகுகள் அந்த மாயா விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மூடுகிறார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். கனூவில் ஏறியது முதல் இறங்கும் வரை லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். படம் எடுக்கக்கூடக் கழற்றக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

நீந்தியே போகவேண்டிய குகையும் தென்தாய்லாந்தில் உண்டு. திராங் மாகாணத்து மூக் தீவில் உள்ள மொரகோட் குகை. ‘மொரகோட்’ என்பது நம் மரகதம்தான். ஏறக்குறைய 80 மீட்டர் இருட்டில் நீந்தினால் உள்ளே மணல்கரையோடு ஒரு மரகதக் குளம். அது வேறு பயணம், நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

இருட்டு, குறுகிய இடம் என்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

முன்பே சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா அறைகளுக்கும் இருட்டு வழியாகப் போக வேண்டியதில்லை. அகலமான திறந்த வாயுள்ளவையும் உண்டு, அவற்றுக்கு மட்டும் வரலாம். வௌவால் குகையில் டார்ச் வெளிச்சம் மட்டும்தான், எச்சத்தின் வாடையும் காட்டமாக இருக்கும். கூரை தாழும் இடத்தில் துடுப்புக்காரர் கனூவின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார், புஸ் என்ற சத்தம் வரும். முதல்முறை கேட்பவர்கள் கனூ ஓட்டையாகிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். படகைத் தாழ்த்தத்தான் அப்படிச் செய்கிறார்கள். அப்போது கைகளை உள்ளே வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிடுங்கள். பாறையைப் பிடித்துத் தள்ள முயன்றவர்களின் விரல்களைத்தான் சிப்பி கிழித்திருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பாங் ஙா விரிகுடாவுக்குப் புக்கெட் தீவே மேற்குப் பக்கம் அரணாக நிற்பதால், வெளிக்கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் உள்ளே ஓரளவு அடங்கியிருக்கும். அதனால் மழைக்காலத்திலும் படகுகள் ஓடுகின்றன. சிமிலான் போன்ற வெளிக்கடல் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே விடுகிறார்கள்.

ஆனாலும் வானிலை எச்சரிக்கை வந்தால் நாங்கள் போகமாட்டோம். 2018 ஜூலை 5 அன்று, எச்சரிக்கை இருந்த நாளில், புக்கெட்டுக்கு அருகே சுற்றுலாப் படகு ஒன்று புயலில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். விமான டிக்கெட் போட்டாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று என்பதெல்லாம் அந்த நேரத்தில் காரணமாகாது.

தண்ணீர் படத்தில் வருவதுபோல நீலமாக இருக்குமா?

இருக்காது. பாங் ஙாவின் தண்ணீர் பச்சை, சற்றுக் கலங்கல். ஆழம் குறைந்த விரிகுடா, சுற்றிலும் அலையாத்திக் காடு, ஆறுகள் கொண்டுவரும் வண்டல். கண்ணாடி போட்டுக்கொண்டு பவளப்பாறை பார்க்க நினைத்தால் இது இடமில்லை. அந்தக் கலங்கல்தான் இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். 1981இல் தேசியப் பூங்காவாகவும், 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது) இதை அறிவித்ததற்கு இந்தக் காடும் சேறும் முக்கியக் காரணம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போனவர்களுக்கு இந்த நிறமும் இந்த வாசனையும் புதிதாக இருக்காது. மணல்கரைத் தீவில் குளிக்க நன்றாக இருக்கும்.

ஜேம்ஸ் பாண்ட் தீவு உண்டா?

தூரத்திலிருந்து பார்ப்போம், இறங்குவதில்லை. 1974இல் வந்த பாண்ட் படத்தால் புகழ்பெற்ற தீவு. அதன் முன்னால் கடலில் தனியாக நிற்கும் பாறைக்கு ‘தாப்பு’, அதாவது ஆணி, என்று பெயர். சுமார் 20 மீட்டர் உயரம், மேலே 8 மீட்டர் அகலம், அடியில் அதில் பாதிதான். அலை அரித்து அரித்து அடி மெலிந்துவிட்டதால் 1998 முதல் படகுகள் அதை நெருங்கத் தடை. தீவில் கடைகளும் கூட்டமும்தான். அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு குகையில் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

நேரம் இருந்தால் அதைவிட நான் விரும்பிக் காட்டுவது பன்யி தீவு. ஒரு பெரும்பாறையின் காலடியில், கடலுக்குள் நட்ட கால்களின் மேல் நிற்கும் மீனவர் ஊர். ஜாவா பக்கமிருந்து வந்த முஸ்லிம் மீனவர்களின் வழிவந்தவர்கள். விளையாட நிலமே இல்லாத அந்த ஊர்ப் பையன்கள், 1986 உலகக் கோப்பையைப் பார்த்துவிட்டு, பழைய மரத்தையும் மிதவைகளையும் சேர்த்துக் கடலில் கால்பந்துத் திடல் கட்டினார்கள். பள்ளிவாசல் உள்ள ஊர். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள், மதுவைக் கொண்டுபோகாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது. தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதில் மீன்சாறு, மசாலாவில் இறால் விழுது, பொரியலில் சிப்பிச் சாறு. காய்கறிக் குழம்பிலும் இவை இருக்கும். ‘ஜே’ என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சீனச் சைவ மரபிலிருந்து வந்தது. மீனோ மாமிசமோ முட்டையோ பாலோ இல்லாத சாப்பாடு என்று பொருள். பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். ‘கின் ஜே’ என்றால் சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். படகுக்கு முதல்நாளே சொல்லிவைக்கிறோம். இருந்தாலும் ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிற அத்தைமார்களை நான் ஒருபோதும் தடுத்ததில்லை, அந்த டப்பா எல்லோருக்கும் போகும்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி.

கனூவில் சிரமமில்லை, கால் நீட்டி உட்காரலாம். கஷ்டம் பெரிய படகிலிருந்து கனூவுக்கு இறங்கும் அந்த ஓர் அடியிலும், வற்றத்தில் பாசி படிந்த துறைப் படிகளிலும்தான். இருவர் கைகொடுத்து இறக்குவார்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சையோ இடுப்பு, முதுகுத் தொல்லையோ இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள். புடவையில் வர ஆசைப்படுவார்கள். நனைந்த புடவையோடு ஏறி இறங்குவது ஆபத்து, சுடிதார் போதும்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

மாற்றுத் துணி, துண்டு, பின்பட்டி உள்ள செருப்பு, தொப்பி, போனுக்கு நீர்புகாத உறை, கொஞ்சம் பாட் பணம். பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 300 பாட், நாங்கள் கடைசியாகப் போனபோது. துடுப்புப் போட்டவருக்குத் தனியாக ஏதாவது கையில் கொடுங்கள். நாள் முழுக்க நம் உயிரை அவர் கணக்குத்தான் காத்தது.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், மெத்தில்பென்சிலிடின் கேம்ஃபர், பியூட்டைல்பாராபென் ஆகிய நான்கும் பவளத்தைக் கெடுப்பவை என்று தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கடல் தேசியப் பூங்காக்களில் தடை செய்துவிட்டது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். முழுக்கைச் சட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

குரங்கு, ஜெல்லிமீன் பயம் உண்டா?

நண்டு தின்னும் குரங்குகள் பாறைகளில் இருக்கும், நன்றாக நீந்தும். தீனி போடாதீர்கள், கனூவில் ஏறிவிடும். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். ஜெல்லிமீன் பட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது, வினிகர் ஊற்ற வேண்டும். ஒரு பாட்டில் எப்போதும் எங்கள் பையில் இருக்கும்.

அந்தப் பக்கம் தமிழர் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. இதே பாங் ஙா மாகாணத்தின் வெளிக்கடல் கரையில் தக்குவா பா என்ற ஊர். அங்கே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியது. அதன் காவலை மணிக்கிராமத்தாரிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைக்கிறது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் படைக் குழுவினர் என்பார்கள். அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். விரிகுடாவின் மறுபக்கம் கிராபியில், குளோங் தோம் என்ற ஊரில், ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. தன் உரைகல்லில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டு கடல் கடந்து வேலைக்கு வந்த ஒருவர். ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் குளோங் தோம் கோயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள்.

இருட்டிய பிறகும் இருக்கலாமா?

அன்றைய கடல் நேரம் ஒத்துவந்தால் இருப்போம். நிலவில்லாத இரவில் தண்ணீருக்குள் கையை விட்டு அசைத்தால் விரல்களைச் சுற்றி நீலப்பச்சையாக ஒளி சிதறும். நுண்ணுயிர்களின் ஒளி. துடுப்பு விழும் இடமெல்லாம் மின்னும். போன் விளக்குகளை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு அமாவாசையை ஒட்டி வரவேண்டும், அப்போது தண்ணீர் வேகமும் அதிகம். அமைதியான அறை வேண்டுமா, ஒளிரும் கடல் வேண்டுமா என்று வீட்டில் பேசிவிட்டு, உங்களுக்குத் தோதான தேதியோடு திதியையும் சேர்த்து எனக்குச் சொல்லுங்கள்.